நியூ இங்கிலாந்துத் தெருவில் நிறுத்திய கார்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது அமெரிக்க இலக்கியத் தாளில் ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ எங்களுக்குப் பாடம். எனக்கும் என் அறைத் தோழிக்கும் சேர்த்து ஒரே புத்தகம்தான். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கியது. நாடகம் என்று பெயரே தவிர, எங்களுக்கு அது படித்து எழுத வேண்டிய புத்தகம். மேடையில் யாரும் பார்த்ததில்லை, பார்ப்போம் என்று நினைத்ததும் இல்லை. கைடில் இருந்த பதினைந்து மதிப்பெண் விடையை விடுதி மொட்டைமாடியில் நடந்தபடி இருவரும் ஒப்பித்தோம். ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கிற கதாநாயகன் வில்லி லோமன் தப்பான கனவு கண்டவர், அந்தக் கனவே அவரைக் கொன்றது. கடைசிக் காட்சியில், கல்லறைக்குப் பக்கத்தில் நின்று மகன் பிஃப் சொல்வதும் அதைத்தான்: அப்பா கண்ட கனவுகள் தப்பு, எல்லாமே தப்பு. அந்த வரியை மேற்கோள் காட்டினால் கூடுதல் மதிப்பெண் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். காட்டினேன், கிடைத்தது. அதோடு வில்லியை மறந்தும் விட்டேன்.

மறுபடி அவரைப் பார்த்தது 2019 மே மாதம், லண்டனில்.

வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ‘தி கட்’ என்கிற தெரு. அங்கேதான் யங் விக் தியேட்டர் இருக்கிறது. அதன் முகப்பு ஒரு காலத்தில் கசாப்புக் கடை. அந்தக் கடையின் டைல்ஸை இடிக்காமல் இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஐந்நூறு பேர்கூட உட்கார முடியாது. நடிகருக்கு மூச்சு வாங்கினால் நமக்குக் கேட்கும். மரியான் எலியட், மிராண்டா குரோம்வெல் இருவரும் சேர்ந்து இந்த நாடகத்தை இயக்கியிருந்தார்கள். இதில் லோமன் குடும்பம் கறுப்பினக் குடும்பம். வில்லியாக வெண்டல் பியர்ஸ். ‘தி வயர்’ தொடர் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும், பங்க் என்கிற துப்பறியும் அதிகாரியாக வருவாரே, அவர்தான். மனைவி லிண்டாவாக ஷரோன் டி. கிளார்க், பிஃப்பாக அரின்ஸே கேனே, இளையவன் ஹாப்பியாக மார்ட்டின்ஸ் இம்ஹாங்பே. பக்கத்து வீட்டு சார்லி, அவர் மகன் பெர்னார்ட், முதலாளி ஹோவர்டு, பாஸ்டன் ஹோட்டல் அறையில் இருக்கும் அந்தப் பெண் எல்லோரும் வெள்ளையர்கள்.

நாற்காலி, மேசை, கதவுச்சட்டம், ஜன்னல் எல்லாம் கம்பிகளில் அந்தரத்தில் தொங்கின. தேவைப்படும்போது கீழே இறங்கின, வேலை முடிந்ததும் மேலே போயின. அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் தரையில் நிலையான இடம் கிடையாது. முதல் வசனத்துக்கு முன்னால் ஒரு கோஸ்பல் பாட்டு, சர்ச்சில் பாடுவார்களே அது மாதிரி. அப்புறம் இரண்டு பெரிய சாம்பிள் பெட்டிகளோடு வில்லி உள்ளே வருகிறார். அந்தப் பெட்டிகளில் என்ன சரக்கு என்று நாடகம் எங்கேயும் சொல்லாது. மில்லரிடம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், தன்னையேதான் விற்கிறார் என்பது.

முதல் அரைமணி நேரம் தெரிந்த நாடகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வசனமாகப் பழைய புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கிற புத்தி போகவில்லை. அப்புறம் அந்த வரி வந்தது.

வில்லியின் நினைவில் வரும் காட்சி அது. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கிறார்கள். லைனுக்குப் போய்விட்டுத் திரும்பிய அப்பா, பிராவிடன்ஸ், வாட்டர்பரி, பாஸ்டன் என்று தான் போன ஊர்களை அடுக்குகிறார். அடுத்த முறை உங்களையும் கூட்டிப்போகிறேன் என்கிறார். அங்கெல்லாம் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், நியூ இங்கிலாந்தில் எந்தத் தெருவிலும் காரை நிறுத்துவேன், போலீஸ்காரர்கள் அதைத் தங்கள் கார் மாதிரி பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்.

பியர்ஸ் அதை உற்சாகமாக, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். எந்த இடத்திலும் அழுத்தவில்லை, நிறுத்தவுமில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான கறுப்பினப் பெண்மணி மட்டும் மூக்கு வழியாக மெல்ல ஒரு பெருமூச்சு விட்டார். மேடையில் இரண்டு கறுப்பினப் பையன்கள் அப்பாவை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் நம் காரைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களிடம் ஒரு தகப்பன் சொல்கிறார். அது உண்மையில்லை என்று அவருக்குத் தெரியும். பையன்களுக்கும் ஒருநாள் தெரியவரும். அதுவரைக்கும் அவர்கள் அதை நம்பட்டும் என்று அந்த மனிதர் விரும்புகிறார். மொட்டைமாடியில் ஒப்பித்த விடையில் இதற்கு இடமே இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினத்தவர் ஊர் ஊராகக் கார் ஓட்டிப்போய் வியாபாரம் செய்வது என்றால் சாதாரண விஷயமில்லை. எந்த ஹோட்டலில் அறை கொடுப்பார்கள், எந்த பங்க்கில் பெட்ரோல் போடுவார்கள், எங்கே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள் என்று தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். இதற்காகவே ஹார்லெமில் விக்டர் ஹியூகோ கிரீன் என்கிற தபால்காரர் 1936 முதல் ‘கிரீன் புக்’ என்ற வழிகாட்டியை வெளியிட்டுவந்தார். வில்லியின் லட்சிய மனிதர் டேவ் சிங்கிள்மேன் என்கிற 84 வயது விற்பனையாளர். எந்த ஊருக்குப் போனாலும் ஹோட்டல் அறையில் பச்சை வெல்வெட் செருப்பை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, வெளியே கால் வைக்காமலே வியாபாரத்தை முடித்துவிடுவாராம். புத்தகத்தில் படித்தபோது அது சுகமான ஒரு வேலையின் படமாகத்தான் தெரிந்தது. பியர்ஸ் அதைச் சொன்னபோது என் மனம் போனது அந்த ஹோட்டல் அறைக்கு. கதவு திறந்துவிடுகிற, உள்ளே யாரும் நம்மைக் கேள்வி கேட்காத அறை. வில்லி ஆசைப்பட்டது முதலில் அதற்குத்தான் என்று தோன்றியது.

நிறத்தைப் பற்றிப் புதிதாக ஒரு வசனமும் என் காதில் விழவில்லை. மில்லர் 1948ல் கனெக்டிகட்டில் தன் கையால் கட்டிய சின்ன மரக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிய வார்த்தைகள்தான். முதல் அங்கத்தை ஒரே பகல், ஒரே இரவில் எழுதினார். முழுவதும் முடிக்க ஆறு வாரம். 1949 பிப்ரவரி 10 அன்று பிராட்வேயில் எலியா கசான் இயக்கத்தில் அரங்கேறியபோது வில்லியாக நடித்தவர் லீ ஜே. காப், ஆஜானுபாகுவான மனிதர். வில்லியைப் பார்த்து யாரோ ஒரு விற்பனையாளர் ‘ஷ்ரிம்ப்’, அதாவது இறால் மாதிரி குட்டை என்று கிண்டல் செய்ததாக மில்லர் முதலில் எழுதியிருந்தார். காப்பின் உடம்புக்கு அது பொருந்தாததால் ‘வால்ரஸ்’ என்று மாற்றினார். 1984ல் குள்ளமான டஸ்டின் ஹாஃப்மன் நடித்தபோது பழையபடி ‘ஷ்ரிம்ப்’ ஆயிற்று. ஆள் மாறினால் வசனத்தின் பொருளும் மாறும் என்று மில்லருக்கே தெரிந்திருக்கிறது. யங் விக்கில் நான் பார்த்தது அதன் இன்னொரு கோடி.

ஹோவர்டின் அலுவலகக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று இரவு தூங்கவிடாமல் செய்தது அந்தக் காட்சிதான்.

வில்லிக்கு 63 வயது. கார் ஓட்டிப்போய் விற்க உடம்பில் தெம்பில்லை. நியூயார்க்கிலேயே ஒரு வேலை கொடு என்று கேட்க முதலாளி ஹோவர்டிடம் வருகிறார். ஹோவர்டுக்கு 36 வயது. அவன் அப்பா காலத்திலிருந்தே வில்லி அந்தக் கம்பெனியில் இருக்கிறார். ஹோவர்டு பிறந்தபோது பெயர் வைத்ததில்கூடத் தனக்குப் பங்கு உண்டு என்று அவருக்குப் பெருமை. அவனோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவு இயந்திரத்தைக் காட்டுவதிலேயே குறியாக இருக்கிறான். விலை 150 டாலர். நீங்களும் ஒன்று வாங்கிவிடுங்கள், வேலைக்காரியிடம் சொல்லி வைத்தால் ரேடியோ நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிடுவாள் என்கிறான். வேலைக்காரி! லிண்டா நைந்துபோன காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கிற வீடு வில்லியுடையது. கேட்கிற சம்பளமோ வாரத்துக்கு 65 டாலர், அது 50 ஆகி, கடைசியில் 40க்கு இறங்குகிறது. ‘இது வியாபாரம், கிட்’ என்கிறான் ஹோவர்டு. 36 வயதுக்காரன் 63 வயதுக்காரரைக் ‘கிட்’, அதாவது பொடியன் என்கிறான். கறுப்பின ஆண்களை, அவர்களுக்கு எத்தனை வயதானாலும், ‘பாய்’ என்று கூப்பிட்ட நாடு அது. ஹோவர்டு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இயந்திரத்தில் முதலில் அவன் மகள் விசிலடிக்கிறாள். அடுத்து ஐந்து வயது மகன் மாநிலத் தலைநகரங்களை ஒப்பிக்கிறான், ஆங்கில அகரவரிசையில். அலபாமாவின் தலைநகரம் மான்ட்கமரி. அரிசோனாவின் தலைநகரம் ஃபீனிக்ஸ். ஆர்கன்சாவின் தலைநகரம் லிட்டில் ராக்.

எத்தனையோ முறை படித்த இடம்தான். குழந்தை ஒப்பிக்கிறது என்று தாண்டிப்போய்விடுவேன். அன்று இரண்டு பெயர்கள் காதில் அறைந்தன. மான்ட்கமரியில்தான் 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் தன் இருக்கையை விட்டு எழுந்திருக்க ரோசா பார்க்ஸ் மறுத்தார். 381 நாள் அந்த ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். லிட்டில் ராக்கில் 1957ல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைவதற்கு நாட்டின் ராணுவமே காவலுக்கு வர வேண்டியிருந்தது. 1949ல் மில்லருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. அகரவரிசைப்படி எழுதிக்கொண்டு போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அன்று அந்தப் பெயர்களை வெள்ளைக்காரக் குழந்தையின் குரல் ஒப்பிக்க, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருநாள் ரேடியோ அறிவிப்பாளராகிவிடுவான் என்று பாராட்டிக்கொண்டிருந்தார் வெண்டல் பியர்ஸ்.

ஹோவர்டு வெளியே போனதும் வில்லியின் கை பட்டு இயந்திரம் தானாக ஓட ஆரம்பிக்கிறது. மறுபடி அந்தக் குரல், தலைநகரம் தலைநகரமாக. அவருக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. ‘ஹோவர்டு! ஹோவர்டு!’ என்று அலறுகிறார். பியர்ஸின் உடம்பே சுருங்கியது. நான் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, லேசானதல்ல. கறுப்பின அமெரிக்க வாழ்க்கையைப் பத்து நாடகங்களில் எழுதிவைத்த ஆகஸ்ட் வில்சன், 1996ல் பிரின்ஸ்டனில் நடந்த நாடகக்காரர்கள் மாநாட்டில் இதே நாடகத்தின் பெயரைச் சொல்லியே கண்டித்தார். வெள்ளையரின் மனித நிலையைப் பேச எழுதப்பட்ட நாடகத்தில் கறுப்பர்களை நிறுத்துவது எங்கள் வரலாற்றையும் மனிதத்தன்மையையும் மறுப்பது, எங்களுக்கென்று நாடகங்களும் அரங்குகளும் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு முன்பே, 1972ல் பால்டிமோரில், மில்லரின் சம்மதத்தோடு கறுப்பின நடிகர்கள் மட்டுமே நடித்து இந்த நாடகம் நடந்திருந்தது. 1983ல் பெய்ஜிங்கில் மில்லரே சீன நடிகர்களை வைத்து இயக்கினார். மஞ்சள் தலைமுடி விக் எல்லாம் வேண்டாம், அமெரிக்கர்கள் மாதிரி நடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். யிங் ருவோசெங் என்ற நடிகர்தான் மொழிபெயர்த்து வில்லியாகவும் நடித்தார்.

வில்சன் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். எல்லோரும் ஒன்றுதான், நிறத்தைக் கவனிக்காதீர்கள் என்று கண்ணை மூடச் சொல்கிற தயாரிப்பாக இருந்தால் அவர் பக்கம்தான் நிற்பேன். யங் விக் குழு செய்தது அதற்கு நேர்மாறானது. கண்ணைத் திறந்து பார், இந்தக் குடும்பம் கறுப்பினக் குடும்பம், இது 1940களின் புரூக்ளின், சுற்றியிருப்பவர்கள் வெள்ளையர்கள், இப்போது இந்த வசனத்தைக் கேள் என்றார்கள்.

கேட்டேன். சார்லி தன்னிடம் வந்துவிடச் சொல்லி வேலை கொடுக்கிறார், வாரம் 50 டாலர். வில்லி மாட்டேன் என்கிறார். ஏன் என்று சொல்வதில்லை. அதை வெறும் வீம்பு என்றுதான் தேர்வில் எழுதியிருந்தேன். நல்லவரான ஒரு வெள்ளைக்காரப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு வாரமும் கைநீட்டிக் கடன் வாங்குகிற கறுப்பினத்தவருக்கு, அவரிடமே வேலைக்கும் சேர்வது என்னவாக இருக்கும்? சார்லியிடம் கடன் வாங்கும்போது பியர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பாஸ்டன் ஹோட்டல் காட்சியும் அப்படித்தான். அறையில் வெள்ளைக்காரப் பெண் இருக்கிறாள், கதவு தட்டப்படுகிறது. தட்டுவது மகன் பிஃப் என்று நமக்குத் தெரியும், வில்லிக்குத் தெரியாது. வேறு எந்தத் தயாரிப்பிலும் அந்தத் தட்டலில் இருப்பது அவமானம் மட்டும்தான். இங்கே அதில் உயிர்பயமும் கலந்திருந்தது. கதவைத் திறந்து மகனைப் பார்த்தபோது ஒரு கணம் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அடுத்த கணம் அதைவிட மோசமானது நடந்துவிட்டது என்று புரிந்தது.

எல்லாமே பொருந்தியது என்று சொல்ல மாட்டேன். வில்லியின் அப்பா குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாஸ்டனிலிருந்து மேற்கே மாநிலம் மாநிலமாகப் போய், தானே செய்த புல்லாங்குழல்களை வழிநெடுக விற்றதாக அண்ணன் பென் சொல்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கறுப்பினக் குடும்பம் அப்படிக் கவலையில்லாமல் நாட்டைக் குறுக்கே கடந்திருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்து என்னை நாடகத்துக்கு வெளியே இழுத்துப்போட்டது. பென்னை வில்லியின் கற்பனையில் மட்டும் வருகிற ஆவி மாதிரிதான் காட்டினார்கள். அதனால் இதையும் அவர் கட்டிக்கொண்ட கதை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் உறுத்தல் போகவில்லை.

வீட்டு விஷயத்தில் மட்டும் உறுத்தல் எதுவும் இல்லை. லோமன் வீட்டுக்கு 25 வருடக் கடன். 1930களில் அமெரிக்க அரசு நிறுவனமே நகரங்களின் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் குறித்து, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்றது. புரூக்ளினில் பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் பகுதியெல்லாம் அப்படிச் சிவப்பானதுதான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஒரு வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார். படிக்கட்டைத் தானே கட்டுகிறார், கூரையைத் தானே போடுகிறார். கையில் சிமென்ட் இருந்தால் வில்லி சந்தோஷமான மனிதர் என்று சார்லி சொல்வார். விற்ற சரக்கையெல்லாம்விட அந்த வாசற்படியில்தான் அப்பா அதிகம் இருக்கிறார் என்பான் பிஃப்.

வெண்டல் பியர்ஸ் வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸில் பான்ட்சர்ட்ரெய்ன் பார்க் என்கிற பகுதியில். வேறு இடங்களில் வீடு வாங்க விடாத காலத்தில், கறுப்பின நடுத்தரக் குடும்பங்களுக்கென்று 1950களில் உருவானது அது. 2005ல் கத்ரீனா புயலில் முழுக்க மூழ்கியது. பியர்ஸ் ஊருக்குத் திரும்பிப்போய் அந்தப் பகுதியை மறுபடி கட்டுவதற்கு முன்னின்று உழைத்தார். இதை நான் பிற்பாடுதான் படித்தேன். படித்ததும் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. பின்கட்டில், டார்ச் விளக்கு வெளிச்சத்தில், எதுவும் முளைக்காத மண்ணில் வில்லி விதை போடுகிறார். சுற்றிலும் எழும்பிய அடுக்குமாடிக் கட்டடங்கள் வெயிலை மறைத்துவிட்டன. பியர்ஸ் குனிந்து ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று நிதானமாகக் கணக்குப் பார்த்தார். வீடு கட்டியவரின் நிதானம் அது.

கடைசியில் பிஃப் அப்பாவிடம் வெடிக்கிறான். நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, காசுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள், நீயும் அப்படித்தான் என்கிறான். ‘நான் வில்லி லோமன், நீ பிஃப் லோமன்’ என்று அப்பா கத்துகிறார். மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் 1968 வேலைநிறுத்தத்தில் ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த புகைப்படம் என் கண்முன் வந்தது. அதற்கப்புறம் பிஃப் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று அப்பாவின் கனவுகள் எல்லாமே தப்பு என்றபோது என்னால் தலையாட்ட முடியவில்லை. அந்த நாடு எல்லோருக்கும் விற்ற கனவு அது. அதே விலையை, அதற்கு மேலும், கொடுத்து வாங்கியவர் வில்லி. சரக்கைக் கையில் கொடுக்காமலே விட்டவர்களை விட்டுவிட்டு, வாங்கியவர் மேல் ஏன் நான் பழி போட்டேன்?

இருபதாயிரம் டாலர் இன்சூரன்ஸ் பணத்துக்காக வில்லி காரை எடுத்துக்கொண்டு போய் உயிரை விடுகிறார். ஷரோன் டி. கிளார்க் அந்தக் கல்லறைக் காட்சியில் அழவில்லை. அழ வரவில்லை, மன்னித்துவிடு என்கிறாள் லிண்டா. இன்றைக்குத்தான் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டினேன், வீட்டில் இருக்கத்தான் ஆளில்லை என்கிறாள். நமக்கு விடுதலை என்கிறாள், திரும்பத் திரும்ப. அந்த ‘விடுதலை’ என்கிற சொல்லைக் கிளார்க் ஒவ்வொரு முறையும் மெதுவாக, முதல்முறை சொல்வது போலச் சொன்னார். அது அவர் முன்னோர்கள் காத்திருந்த சொல் இல்லையா. மறு வருடம் அவருக்கு லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஆலிவியர் விருது கிடைத்ததாகப் படித்தபோது, யாரோ எனக்குத் தெரிந்தவருக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

விளக்கு எரிந்ததும் பக்கத்து இருக்கைப் பெண்மணி கைப்பையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

வாட்டர்லூவில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அறைத் தோழிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அவள் இப்போது திருச்சியில் இருக்கிறாள். இந்த நேரத்தில் அங்கே விடிந்திருக்காது. “நம்ம சேல்ஸ்மேன் புத்தகம் உன்கிட்டதானே இருக்கு? போலீஸ் காரைப் பார்த்துக்குவாங்கன்னு வில்லி சொல்ற இடத்தை எடுத்துப் பாரேன்.”

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. “அப்படி ஒரு வரி இருந்ததே ஞாபகம் இல்லடி. நீ சொன்னப்புறம் தேடினேன். பரண்ல இருந்துச்சு.” கூடவே இரண்டு புகைப்படங்கள். முதலாவது கடைசிப் பக்கம். ‘எல்லாமே தப்பு’ என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு, ஓரத்தில் நட்சத்திரம், ‘முக்கியம்’ என்று அவள் கையெழுத்து.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பேறிய பக்கம். காரைப் பற்றிய வரிக்குக் கோடு எதுவும் இல்லை. பக்கத்தில் பென்சிலால், என் கையெழுத்தில், ஒரே சொல் இருந்தது: பொய்.